மணி கட்டிய தடி

திருக்கனூரில் கரடி இல்லை. செஞ்சி மலைப்பக்கத்தில் பிறந்து, வராக நதி என்ற பழம்பெயரையும் சுமந்துகொண்டு, எங்கள் மன்னாடிப்பட்டுக் கொம்யூனின் வயல்களை ஒட்டி ஓடிச் சமுத்திரத்தை நாடிச் செல்லும் சங்கராபரணி ஆற்றின் கரையில் நரி ஊளையிட்டதைச் சிறுபிராயத்தில் நான் கேட்டிருக்கிறேன். கரும்புக் கொல்லையில் பன்றி புகுந்து அழித்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஆற்று மணலில் கரடியின் அடிச்சுவட்டைக் கண்டவர் என்று ஒருவரையும் நான் அறியேன். அப்படியிருக்க, எங்கள் வீட்டு நடையில் கதவுக்குப் பின்புறம் மூன்று தலைமுறையாகச் சார்த்தி வைக்கப்பட்டிருக்கும் ஒரு தடியின் பூர்வோத்தரத்தைத் தேடப் புகுந்தவன், கரடியின் சரித்திரத்திலேயே பல மாதங்கள் அலைந்து திரிய நேர்ந்தது.

அந்தத் தடி என் தாய்வழிப் பாட்டனாருடையது. ஆறடிக்குச் சற்றுக் குறைவான கெட்டி மூங்கில்; அடியில் இரும்புப் பூண்; தலையிலிருந்து ஒரு சாண் இறங்கிய இடத்தில், காளை மாட்டின் கழுத்தில் கட்டுவது போன்ற வெண்கலச் சலங்கைகள் ஐந்து, தோல்வாரில் கோத்து இறுக்கப்பட்டிருக்கும். கை பிடிக்கும் கணு மட்டும் எண்ணெய் ஊறியதுபோல் கறுத்து வழவழத்திருக்கும். கிராமக் காவலைத் தொழிலாகக் கொண்டிருந்த அவர், பௌர்ணமி இரவுகளில் திருவக்கரை வக்கிரகாளியம்மன் தரிசனத்துக்குப் புறப்படும் ஊர்ஜனங்களுக்கு முன்னே அதை ஊன்றிக்கொண்டு நடப்பார். அந்நாளில் எங்கள் ஊர் பிரெஞ்சு ராஜ்யம், திருவக்கரை இங்கிலீஷ் ராஜ்யம். கரைவழியே நடந்துபோனால் ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குள் பிரவேசித்ததை நிலவும் சொல்லாது, நெல்வயலும் சொல்லாது. பத்தடிக்கு ஒரு தரம் பூண் தரையில் மோதும். கூடவே ஐந்து சலங்கையும் குலுங்கும். பேய்க்குப் பயந்தா இந்தச் சத்தம் என்று ஒருநாள் கேட்டேன். "பேய்க்கு இல்லடா. பாம்பு கெடக்கும், நரி நிக்கும், எதுவோ ஒண்ணு வழியில இருக்கும். நாம வர்றது அதுங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சா அதுங்களே வெலகிப் போயிடும்" என்றார். இந்த வார்த்தைகளுக்குள் எத்தனை பெரிய சாஸ்திரம் அடங்கிக் கிடக்கிறது என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

விளங்க வைத்தவள் என் தமக்கையின் மகள். உத்தியோக நிமித்தமாகக் கோத்தகிரியில் குடியேறிய அவள், விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்து வழிகளில் ஓடிப் பழகியவள். ஒருநாள் தொலைபேசியில், "மாமா, இங்க காலங்காத்தால நடக்கிறவங்க எதிர்ல கரடி வந்து நிக்குதுன்னு சொல்றாங்க. மிளகாய்க் காரத்தைப் பீச்சுற டப்பா ஒண்ணு விக்கிதாம். அத வாங்கட்டுமா, இல்ல கம்பு ஏதாவது எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். நீலகிரியில் கரடிகள் கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடிப்பதும், கடைகளிலும் பள்ளிச் சத்துணவுக் கூடங்களிலும் புகுந்து பண்டங்களை வாரித் தின்பதும் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற செய்திதான். குழந்தை கேட்ட கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட மனம் ஒப்பவில்லை. கரடி வாழும் வழியில் நடக்கிறவனும் ஓடுகிறவனும் கையில் எதை வைத்துக்கொண்டார்கள் என்று பழைய நூல்களிலும் புதிய ஆராய்ச்சிகளிலும் தேடலானேன்.

நான் முதன்முதலாகக் கண்ட கரடி கட்டுண்ட கரடி. கலந்தர் என்று வடக்கே பெயர் வழங்கும் கரடிவித்தைக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் உடுக்கை தட்டிக்கொண்டு வந்தார். மூக்கைத் துளைத்துக் கோத்த கயிறு இழுபடும் போதெல்லாம் அந்தப் பிராணி பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அதை நடனம் என்று சொல்லி நாங்கள் கைதட்டினோம். இரவில் திடுக்கிட்டு அலறும் குழந்தைகளுக்குக் கட்டுவதற்காகத் தாய்மார்கள் காலணா கொடுத்து அதன் ரோமத்தில் இரண்டிழை வாங்கித் தாயத்தில் அடைத்தார்கள். என் இடுப்பிலும் ஒன்று கட்டப்பட்டது. கரடிக்குப் பயப்படாதிருக்கக் கரடியின் மயிரையே கட்டிக்கொண்ட வழக்கம் அது. அருகில் நின்றபோது அதன் மூச்சு, தோல் கிழிந்த துருத்தியிலிருந்து காற்று வெளியேறுவது போலக் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. தேசத்தின் கடைசி ஆட்டக்கரடி 2009ஆம் ஆண்டு விடுவிக்கப்பட்டது என்று படித்த அன்று, அந்த மூக்குக் கயிற்றை நினைத்து நான் கண்ணீர் விட்டேன்.

அந்தப் பிராணியைக் கற்றறிந்த ஐரோப்பியரும் நெடுங்காலம் சரியாக அறிந்திருக்கவில்லை. 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயப் பண்டிதர் அதன் நீண்டு வளைந்த நகங்களையும் விழுந்துபோன முன்பல் இடைவெளியையும் பார்த்து, தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் அசமந்தமான ஒரு மிருகத்தின் குலத்தில் இதைச் சேர்த்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிருள்ள ஒன்று பிரான்சு தேசத்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகே இது கரடிதான் என்று அவர்கள் தெளிந்தார்கள். பல் விழுந்தது போன்ற அந்த இடைவெளி, மேல்தாடையின் நடுவில் இரண்டு பற்கள் இல்லாததால் ஏற்பட்டது. அதன் வழியாகத்தான் கரடி புற்றைப் பிளந்து கறையானை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் ஓசை நூறு கெஜத்துக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள்.

இந்த இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தலையைப் புற்றுக்குள் புதைத்துக்கொண்டு, தான் எழுப்பும் இரைச்சலாலேயே தன் காதை அடைத்துக்கொண்டிருக்கும் பிராணிக்குக் கண்பார்வையோ மட்டம். மூக்கு ஒன்றே கூர்மை. காற்று எதிர்ப்புறமாக வீசிவிட்டால் மனிதன் பத்தடிக்குள் வந்து நிற்கும்வரை அதற்குத் தெரியாது. தெரிந்த கணத்தில், புலிகள் உலவும் காட்டில் யுகயுகமாய்ப் பிழைத்து வந்த அதன் சுபாவம், ஓடுவதைக் காட்டிலும் பாய்வதே பிராணனைக் காக்கும் என்று அதற்குச் சொல்கிறது. உலகத்துக் கரடிகளில் குட்டியை முதுகில் சுமந்து திரிவது இந்த இனம் ஒன்றே. சுமையோடு மரம் ஏறித் தப்புவது எளிதன்று என்பதால் தாய்க்கரடியின் பாய்ச்சல் இன்னும் கொடிது. பாய்ந்த கரடி மனிதனின் முகத்தையும் தலையையும் பற்றுகிறது. அன்றைய மத்தியப் பிரதேசத்தில் 1989 முதல் 1994 வரையிலான ஐந்து வருஷங்களில் மட்டும் 735 பேர் கரடியால் தாக்குண்டார்கள். அவர்களில் 48 பேர் மாண்டார்கள். இறந்தவர் போக மற்றவர்கள் பிழைத்தார்கள் என்று எண்ணி ஆறுதல் கொள்வது தகாது. ஒரு கண்ணை இழந்து, தாடை சிதைந்து, கண்ணாடியைப் பார்க்கவே கூசி வாழ்கிறவர்கள் அந்தத் தொகையில் அடங்கியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே, 2022 நவம்பரில் தென்காசி ஜில்லாக் கடையத்தை அடுத்த மலையடிவாரத்தில் மோட்டார் சைக்கிளில் மசாலாப் பொருள் விற்கப் போன ஒருவரைக் கரடி மறித்துக் கீழே தள்ளி முகத்தைக் கடித்தது. விடுவிக்க ஓடிவந்த இருவரும் படுகாயமுற்றனர். மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் களக்காட்டுக் காட்டில் விட்ட அந்தக் கரடியும் இறந்துபோயிற்று. மனிதரும் மிருகமும் ஒருசேரத் துன்பமடைந்த அந்தச் சம்பவத்தில் குற்றவாளி என்று யாரைச் சொல்வது?

கரடியைத் தமிழர் இன்று நேற்று அறிந்தவர்களல்லர். எண்கு என்றும் உளியம் என்றும் சங்கப் புலவர்கள் அதைப் பாடினார்கள். அது புற்றைக் கிளறுவதையும் இலுப்பைப் பூவை உண்பதையும், பக்கத்தில் நின்று பார்த்தவர்களாகவே சொன்னார்கள். கபிலர் ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சுவையை அறிவிக்க இயற்றிய குறிஞ்சிப்பாட்டில், இரவில் மலைவழியே தலைவியைக் காண வரும் தலைவனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சி எண்ணப்படும் மிருகங்களின் வரிசையில் புலிக்கும் யாளிக்கும் அடுத்தபடியாக உளியம் நிற்கிறது. நம் இலக்கியத்தில் காதலனை எதிர்நோக்கும் பெண்ணின் கலக்கத்துக்குள்ளேயே வழியின் அபாயம் இவ்வளவு திட்டமாகக் கணக்கிடப்பட்டிருப்பதைப் பாடம் கேட்ட நாளில் நான் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அந்தப் பெண் மலையில் வாழ்ந்தவள், வழியை அறிந்தவள். அதே பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் கையில் தட்டை, குளிர், தழல் என்ற கருவிகள் இருக்கின்றன. தட்டை என்பது பிளந்த மூங்கில். அதை அடித்து எழுப்பும் ஓசையால் கிளியை ஓட்டினார்கள். கொல்லாமல் விலக்கும் வித்தையை அந்தச் சிறுமிகள் விளையாட்டாகவே கற்றிருந்தார்கள்.

எனக்கு இன்னும் அதிகமாக வியப்பைத் தந்தது மலைபடுகடாம். செங்கண்மாவில் அரசாண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் நிலம், எங்கள் ஆறு பிறக்கும் செஞ்சிப் பக்கத்துக்கும் மேற்கே, இன்றைய செங்கத்தைச் சுற்றியுள்ள மலைநாடு. மலைவழி நடப்பவனுக்கு இத்தனை நுட்பமாக ஜாக்கிரதை சொன்ன நூலை நான் வேறெங்கும் கண்டதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு மறைந்திருக்கும் குழியை எப்படிக் கடப்பது, புனங்காவலர் எறியும் கவண்கல்லுக்கு எங்கே ஒதுங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிற பெருங்கௌசிகனார், காட்டில் வழி தவறிவிட்டால் மேற்கொண்டு நடப்பதை நிறுத்தி அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் கூடியிருந்து வாத்தியங்களை வாசியுங்கள், காட்டைக் காக்கும் கானவர் அந்த ஓசை கேட்டு விரைந்து வருவார்கள் என்கிறார். ஆயுதம் எடு என்று அவர் சொல்லவில்லை. நீ இருக்குமிடம் பிறருக்குத் தெரியட்டும் என்பதுதான் அவர் சொன்ன உபாயம். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்துத் தந்திராவிட்டால் இந்த வழிகாட்டி நமக்குக் கிடைத்திராது.

அந்த உபாயம் தொழிலாகவே மாறியது தபால் ஓட்டக்காரர்களின் காலத்தில். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774இல் பொதுஜனங்களுக்கும் தபாலைத் திறந்துவிட்டார். 1786இல் சென்னையில் பெரிய தபாலாபீஸ் ஏற்பட்டது. ரயில் வருவதற்கு முன்பும், வந்த பிறகு ரயில் ஏறாத மலைகளிலும், தபால் மூட்டையை மனிதனின் கால்களே சுமந்தன. இடுப்பை இறுக்கிக் கட்டி, தோளில் பையைத் தொங்கவிட்டு, கையில் மணிகள் கோத்த தடியையோ ஈட்டியையோ பிடித்துக்கொண்டு, குறித்த தூரம் ஓடி அடுத்தவனிடம் மூட்டையை ஒப்புவிப்பான். புலிநடமாட்டம் மிகுந்த வழிகளில் இரவில் தீவட்டி பிடிப்பவனும் பறை கொட்டுபவனும் கூட ஓடினார்கள். திருவிதாங்கூரில் அஞ்சல் என்ற பெயரால் நடந்த தனித் தபால் 1951இல் இந்தியத் தபாலோடு சேரும்வரை, சலங்கைத் தடி ஏந்திய அஞ்சலோட்டக்காரர் மலையாள நாட்டுக் காட்சிகளில் ஒருவராக இருந்தார். சலங்கை ஒலி கேட்டால் வழியில் உள்ளவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் நால்வர் மாறி மாறிக் கோலை வாங்கி ஓடும் பந்தயத்தை அஞ்சலோட்டம் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேகப்பயிற்சிக்காக ஓடுகிறவன் மறுநாள் ஓடாமல் இருந்துவிடலாம்; அவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மழையானாலும் இருளானாலும் கரடியும் சிறுத்தையும் திரியும் வழியில் தன்னந்தனியாக ஓடித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் உள்ள ஏழை மனிதன் எதை நம்பினானோ, அதையே இந்த விஷயத்தில் தக்க சாட்சியமாக நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மற்றச் சாதனங்களை நான் ஆராயாமல் விடவில்லை. துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் கரடியைத் தன் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. மைசூர்ச் சீமையில் பன்னிரண்டு பேரைக் கொன்ற ஒரு கரடியைத் தேடிச் சுட்ட கென்னத் ஆண்டர்சனின் வரலாறு அபூர்வமான விலக்கு. நாயை உடன் அழைத்துச் செல்வது ஆபத்து. கரடியைக் கண்டு குரைத்துப் போன நாய், திரும்பி எஜமானனிடமே ஓடிவரும்போது கரடியையும் பின்னால் கொண்டுவந்துவிடும்.

முகமூடியைப் பற்றி ஒரு வார்த்தை. காகிதக் கூழைப் பிசைந்து பொம்மை செய்யும் கைத்தொழிலுக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் எங்களுடையது. அதனால் வங்காளத்துச் சுந்தரவனத்தில் 1986இல் விறகு வெட்டுவோரும் தேன் எடுப்போரும் பின்னந்தலையில் மனித முகமூடி அணிந்து சென்ற செய்தியைத் தனி ஆவலோடு படித்தேன். புலி முதுகுப்புறமாகப் பதுங்கி வருவது. முதுகிலும் ஒரு முகம் தன்னைப் பார்ப்பதாக மயங்கிச் சில காலம் விலகிப்போயிற்று. பிறகு சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டது. கரடியிடம் இந்த யுக்தி செல்லாது. அது திட்டமிட்டு வருவதில்லை, திடுக்கிட்டு வருகிறது.

மிளகாய்க் கார டப்பா அமெரிக்காவில் பிறந்தது. 1980களில் மொன்டானாவில் கரடிகளிடம் சோதித்து உருவாக்கிய அந்தச் சாதனத்தைப் பற்றி, 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் நேர்ந்த சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பழுப்புக் கரடியை அது நூற்றுக்கு 92 தடவை தடுத்தது என்று கண்டார்கள். போர்த்துகீசியர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மிளகாய் நம் ரசத்தில் கலந்து நானூறு வருஷமாகிறது. அதன் காரம் உயிரையும் காப்பது நல்ல செய்திதான். ஆனால் அலாஸ்காவின் திறந்த வெளியில் தொலைவிலிருந்து வரும் கரடி வேறு, தேயிலைப் புதரின் மறைவிலிருந்து ஏழெட்டடியில் எழும் நம் கரடி வேறு. மூடியைக் கழற்றும் அவகாசத்தை இது தருவதில்லை. கையிலேயே பிடித்திருந்தால் உதவும். இடுப்புப் பையில் இருந்தால் இருந்தும் இல்லாததே.

மணியையும் நான் கண்மூடி ஆதரிக்க முடியாதபடி ஒரு செய்தி கிடைத்தது. அமெரிக்கர் கால்சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு மணிகளை ஓர் ஆய்வாளர் அலாஸ்காவில் மறைவிலிருந்து ஒலித்துப் பார்த்தபோது, கடந்துசென்ற கரடிகள் திரும்பியும் பார்க்கவில்லை. குச்சி முறிவது போன்ற ஓசையை எழுப்பியதும் உடனே நிமிர்ந்தன. இதைப் படித்து ஒருநாள் முழுதும் நான் மனம் சோர்ந்திருந்தேன். மாலையில் பாட்டனாரின் தடியை எடுத்து முற்றத்துக் கல்லில் ஒருமுறை ஊன்றினேன். பூண் மோதிய ஓசை முன்னால் வந்தது. மூங்கிலின் உள்வெளியில் அது அதிர்ந்தது. அதன் பிறகே சலங்கை. குச்சி முறியும் ஓசை அந்தத் தடிக்குள்ளேயே இருந்தது. பொம்மை மணியின் கிணுகிணுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குஜராத்தில் கரடியை ஆராய்கிற விஞ்ஞானிகள், காட்டில் சருகும் பூவும் பொறுக்கச் செல்லும் ஜனங்களுக்காக மணி கட்டிய தடியையே தேர்ந்தெடுத்து, அதற்குக் ‘கண்டி காட்டி’ என்று பெயரிட்டு வழங்கியிருக்கிறார்கள் என்பதையும் பிற்பாடு அறிந்தேன். நடக்கும்போது அது ஓசையெழுப்பும். எதிர்ப்பட்டால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து உருவத்தைப் பெரிதாக்கிக் காட்ட உதவும். பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்து, முகத்தை மண்ணோடு மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் சொல்லும் புத்திமதி.

தடி முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிக் கோத்தகிரிக்கு அனுப்புவது சாத்தியமில்லை. பொங்கலுக்கு வந்திருந்த என் மருமகளிடம் சலங்கைகளை மட்டும் கொடுத்தேன். பழைய தோல்வார் தொட்டதும் பொடிந்தது; மாட்டுக் கழுத்துப்பட்டை தைப்பவரிடம் கொடுத்து, எருமைத்தோலில் புதிதாக ஒரு வார் தைத்து வாங்கினேன். சலங்கையின் வாயைக் கத்தி முனையால் நெம்பி, உள்ளிருந்த பரல் தேய்ந்துபோன இரண்டிற்குப் புதுப்பரல் போட்டுக் கொடுத்தார். ஐந்தில் நான்கை அவளுக்குத் தந்து, ஒன்றைத் தடியிலேயே விட்டுவைத்தேன். விடியுமுன் தனியே போகாதே, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடாதே, புற்றும் பழமரமும் உள்ள திருப்பத்தில் ஓட்டத்தை நடையாக்கு என்று சொன்னேன்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை, ஆற்றங்கரையில் நான் ஒற்றைச் சலங்கையோடு நடந்துகொண்டிருந்தபோது அவள் அழைத்தாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் வழிநெடுகிலும் உரக்கப் பேசிக்கொண்டே வரிசையாகச் செல்வதைப் பார்த்து, ஓட்டத்தை ஒத்திவைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கியிருக்கிறாளாம். "அவங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும் மாமா. பாட்டி காலத்துலேருந்து சத்தம் போட்டுக்கிட்டேதான் போறாங்களாம். சலங்கைய இப்ப முன்னால போற அம்மா கையில குடுத்துட்டேன்" என்றாள். அவளுடைய பேச்சுக்குப் பின்னால், மலைக்காற்றின் இரைச்சலையும் பெண்களின் சிரிப்பையும் ஊடுருவிக்கொண்டு, பாட்டனாரின் நான்கு சலங்கைகளும் ஒலித்துக்கொண்டிருந்தன. நான் பதில் சொல்லாமல், தடியை ஒருமுறை வரப்பில் ஓங்கி ஊன்றினேன்.